திரையில் காலியான வரிசை

மேல் பெட்டியின் வரிசை காலியானதை முர்வானி கவனித்தபோது மணி ஒன்று இருபது. வாயில் பாதி தெம்பே சோயா வறுவல், கையில் ஆறிப்போன தேநீர். திரையில் பெட்டிக்கு ஒன்றாக மூன்று வரிசைகள், ஒவ்வொன்றும் கடைசி இரண்டு நிமிஷத்தின் அதிர்வைக் காட்டும். கீழே இரண்டிலும் நீலக் கோடு மெல்லிசாக ஊர்ந்துகொண்டிருந்தது. மேல் வரிசையில் ஒன்றுமே இல்லை.

"போச்சு பாக். மறுபடியும் பேட்டரியைத் தூக்கிட்டானுங்க," என்றாள்.

எதிர் மேசையிலிருந்த பெரியவர் பாக் கஸிரான் தலையைத் திருப்பினார். இடது கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. கண்புரை அறுவை முடிந்து ஆறு நாள்தான் ஆகிறது, மனிதர் வேலைக்கு வந்துவிட்டார்.

"எந்தப் பெட்டி?"

"மேல் பெட்டி."

"நாசமாப் போறவனுங்க," என்றார் அவர், ரொம்ப ஆச்சரியப்படாமல்.

ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கெமிரி கண்காணிப்பு நிலையத்தில் இது பழகிப்போன சங்கதி. எரிமலையிலிருந்து இறங்கும் லுமுத் ஆற்றின் கரையோரம் மூன்று இடங்களில் பெட்டி புதைத்திருக்கிறார்கள். மண்ணின் அதிர்வை அவை கேட்கும், கேட்டதை ரேடியோவில் நிலையத்துக்கு அனுப்பும். மலையில் மழை கொட்டி, பழைய சாம்பலும் பாறையும் சேறாகிக் கிளம்பினால் அதற்கு லஹார் என்று பேர். பெட்டிகள்தான் அதை முதலில் கேட்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சோலார் தகடு, ஒரு கார் பேட்டரி. நோன்பு மாதத்துக்குப் பிறகு மட்டும் இரண்டு முறை பேட்டரி களவு போயிருந்தது. பேட்டரி போனால் வரிசை காலியாகும். வரிசை காலியென்றால் பேட்டரி போய்விட்டது. ஆற்றங்கரை தேநீர்க் கடை வரைக்கும் இது எல்லோருக்கும் மனப்பாடம்.

வரிசை காலியானதும் உடனே ஒருவர் கிளம்ப வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. பதினைந்து கிலோ பேட்டரியைச் சுமந்துகொண்டு திருடன் வேகமாக இறங்க முடியாது, வழியிலேயே மடக்கிவிடலாம் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. ஒருமுறைகூட மடக்கியதில்லை.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது முர்வானியின் புருஷன் சர்பான். கொல்லையில் உட்கார்ந்து ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்! மேல் பெட்டி போச்சு!"

"அந்தத் திருடனை நாமளே வேலைக்குச் சேத்துக்கலாம் முர்," என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்தான். "என்னைவிட அவன்தான் பேட்டரியை நல்லாக் கழட்டுறான். ஒரு ஸ்க்ரூ கூட சேதாரம் இல்ல, பாத்தியா போன தடவை?"

மாற்று பேட்டரியை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்து, பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினான். மழைக்கோட்டை மாட்டும்போது மலைப்பக்கம் பார்த்தான். மேகத்தைத் தவிர அங்கே ஒன்றும் தெரியவில்லை. நிலையத்தின் முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"மேல மழையா?"

மேலே இருந்த மழைமானி சாம்பல் அடைத்துப் போன மாதமே செத்திருந்தது. கேமராவில் வெள்ளைப் பஞ்சு மட்டும். "கோடு அமைதியாத்தான் இருந்துச்சு மாஸ். தைரியமாப் போங்க," என்றாள் முர்வானி.

பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. வரிசை காலியாவதற்கு முந்திய பத்து நிமிஷம் அவள் அந்தத் திரையின் பக்கமே திரும்பவில்லை. பக்கத்துக் கணினியில் அறிக்கை எழுதும் நிரலின் எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்று இருபத்தெட்டுக்கு வண்டி வாசலைத் தாண்டியது. ஸலாக் பழத் தோட்டங்களுக்கு நடுவே பதின்மூன்று நிமிஷம் இறங்கினால் தடுப்பணை. அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் இறங்கி, அக்கரை ஏறி, அங்கிருந்து காட்டுப் பாதையில் மேல் பெட்டிக்குப் போக வேண்டும். பாலம் வெகுதூரம் கீழே இருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு யாரும் போவதில்லை.

அந்த மல்லுக்கட்டு காலையில் ஆரம்பித்தது. கஸிரானால் வெள்ளைத் திரையைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் நீராகக் கொட்டியது. "ஊசியால குத்துற மாதிரி இருக்கு முர். உன் லினக்ஸ் வித்தையைக் காட்டி ஏதாவது பண்ணேன்," என்றார். நிலையத்தில் இருந்த நான்கு கணினிகளும் லினக்ஸில் ஓடுபவை. அதில் கொஞ்சம் விவரம் தெரிந்தவள் முர்வானி ஒருத்திதான். அவளுக்கும் அதில் சற்றுப் பெருமைதான். 'டார்க் தீம்' போட்டுவிட்டாள், அதாவது பின்புலம் கறுப்பு, எழுத்து வெள்ளை. ஒரு சொடுக்கில் எல்லாத் திரையும் கரும்பலகையானது. கிழவர் 'அல்ஹம்துலில்லா' என்று நாற்காலியில் சாய்ந்தார்.

தொல்லை அதற்கப்புறம் வந்தது. அறிக்கை நிரலில் வெள்ளைத் தாளின் மேல் வெள்ளை எழுத்து. தட்டச்சு செய்தால் எதுவுமே தெரியவில்லை. இன்னொன்றில் பட்டியல் முழுதும் சாம்பல்மேல் சாம்பல். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு காலத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் எழுத்துக்கு மட்டும் நிறம் சொல்லியிருப்பார், ஒருவர் பின்புலத்துக்கு மட்டும். முர்வானி ஒன்றொன்றாகச் சரிசெய்தாள். ஒன்றுக்கு நிறக் கோப்பில் நான்கு வரி சேர்த்தாள். அடம்பிடித்த இன்னொன்றை, அது மட்டும் பழைய வெள்ளைத் தோற்றத்திலேயே திறக்கட்டும் என்று கட்டளையின் முன்னால் ஒரு சொல் சேர்த்து அடக்கினாள்.

அதிர்வுக் கோடு காட்டும் நிரலில் மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை. இருட்டில் நீலக் கோடுகள் அத்தனை அழகாகத் தெரிந்தன. "இதுதான் பாக் இருக்கறதுலயே நல்ல புள்ள," என்று அதைக் கைவைக்காமல் விட்டுவிட்டாள்.

மணி ஒன்று முப்பத்து மூன்று. இந்த முறை அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுப் பெட்டியின் நீலக் கோடு லேசாக நடுங்கியது. தடித்தது. இன்னும் தடித்தது. பிறகு அணைந்தது, மிஞ்சிய நீலமும் நகர்ந்து திரையைவிட்டுப் போயிற்று.

இரண்டு வரிசைகள் காலி.

"அடப்பாவிகளா, ரெண்டா!" என்றார் கஸிரான். "குடும்பத்தோட வந்துட்டானுங்கபோல. ஒருத்தன் மேல, ஒருத்தன் நடுவுல. சர்பான்கிட்ட ஒரு பேட்டரிதானே இருக்கு?"

முர்வானி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தாள். ஒயரை வெட்டினால் கோடு பொசுக்கென்று நின்றுபோகும். அதை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள். இது தடித்துவிட்டு அல்லவா போனது?

மலை தெரிகிறதா என்று பார்க்க எழுந்து ஜன்னலுக்குப் போனாள். மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. திரும்பியபோது அவள் திரைக்குப் பக்கவாட்டில் நின்றாள். அது மலிவான மானிட்டர், நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் வேறு நிறம். சாய்வாகப் பார்த்தபோது பின்புலம் வெளிறிச் சாம்பலாகத் தெரிந்தது. அந்தச் சாம்பலின் மேல், காலி என்று நினைத்த மேல் வரிசை முழுக்க, விளிம்பிலிருந்து விளிம்பு வரை, கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

நடு வரிசையிலும் அதே பட்டை.

கறுப்பு! அளவு மீறினால் கறுப்பு! இந்த நிரலை எழுதியவன் பின்புலத்துக்கு நிறம் எதுவும் சொல்லாமல், கணினி தருவதை எடுத்துக்கொள் என்று விட்டிருந்தான். கோட்டுக்கு மட்டும் சொல்லியிருந்தான்: சாதாரணத்துக்கு நீலம், அதிர்வு எல்லை மீறினால் கறுப்பு. பதினோரு வருஷமாக வெள்ளைத் திரையில் அந்தக் கறுப்பைப் பார்த்து 'மை கொட்டிடுச்சு' என்று அலறி ஓடியவர்கள்தானே இவர்கள்? காலையில் அவள் சோதித்தபோது மலை தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் நீலம். கறுப்பு வந்தால் என்னாகும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

பேட்டரியை எவனும் திருடவில்லை. லஹார் வந்துகொண்டிருக்கிறது. தடுப்பணைக்குக் கீழே அது வருகிற வழியில், தன் வாயாலேயே தைரியம் சொல்லி, சர்பானை அனுப்பியிருக்கிறாள்.

"பாக்," என்றாள். "பாக், இங்க வாங்க. இந்தப் பக்கம் நின்னு பாருங்க."

கஸிரான் வந்து நின்றார். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கறுப்பு பாக்! கறுப்புமேல கறுப்பு! மை கொட்டியிருக்கு, நமக்குத் தெரியல!"

அவர் முகம் வெளுத்தது. ஆனால் அவர் முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தவர், அவருக்கு வேறு பயமும் இருந்தது. "உறுதியா? முர், போன மாசத்தை நெனச்சுப் பாரு. மூடிட்டு வெள்ளையில தெறந்து பாத்துடு. ரெண்டு நிமிஷம்."

போன மாசம் மின்னல் ஒன்று பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்து எச்சரிக்கை மணி அடித்தது. முர்வானி வாக்கிடாக்கியில் கத்தினாள். படுகையில் மணல் அள்ளுபவர்கள் அத்தனை பேரும் பாதி நிரம்பிய லாரிகளை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து அவள் குரல் கேட்டாலே கேலிதான். தலைமை அலுவலகம் மணியை நிறுத்திவைத்துவிட்டது. இனிமேல் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே எச்சரிக்கை என்று உத்தரவு.

ரெண்டு நிமிஷம். நடுப் பெட்டியிலிருந்து அணைக்குப் பத்து, பதினொரு நிமிஷம். அதில் மூன்று ஏற்கெனவே போய்விட்டது. சர்பான் இன்னும் ஐந்து நிமிஷத்தில் படுகையில் இறங்குவான். வண்டி ஓட்டும்போது வாக்கிடாக்கியைக் கோட்டுக்குள் போட்டுக்கொள்வான், ஹெல்மெட்டுக்குள் ஒரு சத்தமும் கேட்காது. கைப்பேசிக்கு அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

"உத்தரவு கெடக்கட்டும்," என்று வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"லுமுத், லுமுத்! கெமிரி பேசுறேன்! லஹார் வருது! எல்லாரும் மேல ஏறுங்க! இப்பவே!"

ஒரு கரகரப்பு. பிறகு யாரோ ஒரு மணல்காரன், 'பு' என்கிற மரியாதை குறையாமல்: "யாரு, பு முர்வானியா? இன்னைக்கு என்ன, மின்னலா இடியா?"

இன்னொரு குரல்: "இப்பத்தான் லாரி வந்து நிக்குது. கால் மணி கழிச்சு வரச் சொல்லுங்க உங்க லஹாரை!"

சிரிப்புச் சத்தம். ஆத்திரத்தில் அவளுக்குக் கண் இருட்டியது. "சிரிக்காதீங்கடா! யூ பொனிரா! யூ பொனிரா, இருக்கீங்களா?"

யூ என்றால் அக்கா. பொனிரா அக்கரையில், அணைக்கு எதிரில் தேநீர்க் கடை வைத்திருப்பவள். கடைக் கம்பத்தில் எந்நேரமும் வாக்கிடாக்கி தொங்கும். அதற்குப் பக்கத்திலேயே ஊரைக் கூட்டும் கெந்தொங்கானும் தொங்கியது. குடைந்த மரத்துண்டு, நிறுத்தாமல் அடித்தால் ஆபத்து என்று அர்த்தம்.

"இருக்கேன் பு முர். என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கெந்தொங்கானை அடிங்க யூ. நிறுத்தாம அடிங்க."

"ஆறு காஞ்சு கெடக்கும்மா. போன தடவை அடிச்சதுக்கே என்னைப் பைத்தியம்னு சொன்னானுங்க. நீ கோட்டைப் பாத்தியா? கண்ணால பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் பொனிரா லேசில் நம்புகிறவள் அல்ல, எவ்வளவு பெரிசு, எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு என்று குடைந்துகொண்டிருப்பாள். முர்வானி கண்ணை மூடினாள். இந்த அலைவரிசையில் மலையின் நாலு பக்கத்து ஊரும் கேட்டுக்கொண்டிருக்கும். தலைமை அலுவலகமும் கேட்கும்.

"நேராப் பாக்கல யூ. சாய்ஞ்சு பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. திரையோட நிறத்தை நான் மாத்திட்டேன். காலையில நான்தான் மாத்தினேன். கறுப்புக் கோடு கறுப்புல மறைஞ்சுபோச்சு. பேட்டரி திருட்டுன்னு நெனச்சு என் புருஷனை மேல அனுப்பிட்டேன். இப்ப அவரு உங்க ஆத்துல எறங்கப் போறாரு. என் தப்பு. சத்தியமா என் தப்பு. யூ, அடிங்க, உங்க கால்ல விழறேன்."

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. பதினோரு வருஷத்தில் நிலையத்திலிருந்து யாரும் 'என் தப்பு' என்று சொல்லி அந்த ஆற்றங்கரை கேட்டதில்லை. எச்சரிக்கை பொய்த்தாலும் மின்னல் மேல் பழி, கோடு தப்பினாலும் காற்றின் மேல் பழி. அந்த வார்த்தைதான் பொனிராவைப் பயமுறுத்தியது.

"யா அல்லா," என்றாள். அடுத்த நொடி, அவள் ஒரு கையில் பொத்தானை அழுத்தியபடியே பிடித்திருந்த வாக்கிடாக்கியின் வழியாகக் கெந்தொங்கான் கேட்டது. டக்டக்டக்டக்டக்டக். நடுவே அவள் கத்துவதும் கேட்டது: "டேய், ஏறுங்கடா! லாரியை விட்டுட்டு ஏறுங்க! ஏ சர்பான்! சர்பான்!"

முர்வானி வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்தினாள். அப்படியென்றால் அவன் பொனிராவின் கண்ணில் படுகிறான். படுகையில் இருக்கிறான்.

அத்தோடு வாக்கிடாக்கி அறுந்துபோனது.

"யூ? யூ பொனிரா?"

கரகரப்பு மட்டும்.

"நிரலை மூடு முர்," என்றார் கஸிரான். "வெள்ளையில தெற. இனிமேலாவது கண்ணு வேணும் நமக்கு."

மூட அவளுக்குப் பயமாக இருந்தது. மூடிய பிறகு திறக்காவிட்டால்? இந்த மூன்று வரிசையும் போய்விட்டால் அவனைப் பற்றி எதுவுமே தெரியாது. கட்டளைப் பெட்டியில் நிரலின் பேரைத் தப்பாக அடித்தாள், அழித்தாள், மறுபடி தப்பாக அடித்தாள். காலையில் அறிக்கை நிரலுக்குச் சேர்த்த அதே சொல், வெள்ளைத் தோற்றத்தில் திற என்கிற சொல், இப்போது நினைவுக்கு வர மறுத்தது. கஸிரான் ஒற்றைக் கண்ணால் அறிக்கை நிரலின் கட்டளையைத் தேடிப்பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னார். அவள் அடித்தாள்.

நிரல் திறக்கும் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்? பாக், ஏன் இவ்வளவு நேரம்?"

"பழைய பதிவை எல்லாம் வாசிக்குதும்மா. இரு."

திரை வெள்ளையாக வெடித்தது. கஸிரான் கையால் முகத்தை மூடிக்கொண்டார். முர்வானி மூடவில்லை.

மேல் வரிசை முழுக்கக் கறுப்பு. பதிவின்படி ஒன்று பதினெட்டிலிருந்தே கறுப்பு. அவள் கவனிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்பே வந்துவிட்டிருக்கிறது. நடு வரிசையும் கறுப்பு. அணைக்கு மேலே முந்நூறு மீட்டரில் இருக்கும் கீழ்ப் பெட்டியின் கோடு நீலமாக இருந்தது. ஆனால் தடித்துக்கொண்டிருந்தது. மணி ஒன்று நாற்பத்து மூன்று.

எல்லாம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. எவ்வளவு தெளிவாகத் தெரிந்து என்ன பிரயோஜனம்? அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, பார்ப்பதைத் தவிர.

ஒன்று நாற்பத்து நான்குக்குக் கீழ்ப் பெட்டியின் கோடு கறுத்தது. வரிசையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் முட்டக் கறுத்தது. தூரத்தில், தோட்டங்களுக்கு அப்பால், கனரக வண்டிகள் வரிசையாகப் போவதுபோல ஓர் இரைச்சல் ஜன்னல் வழியே வந்தது. மேசைமேல் தேநீர்க் கோப்பை அதிர்ந்தது.

"மாஸ்," என்று வாக்கிடாக்கியில் சொன்னாள். "மாஸ், கேக்குதா?"

ஒன்று நாற்பத்தேழு. ஒன்று ஐம்பது. கஸிரான் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஓதவும் வரவில்லை. தைரியமாப் போங்க என்று தான் சொன்னது மட்டும் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் ஒரு கையில் வாக்கிடாக்கி இருந்தது, மறு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, இரண்டையும் விட அவளால் முடியவில்லை.

ஒன்று ஐம்பத்தாறுக்குக் கரகரப்பு வந்தது.

"கெமிரி. கெமிரி. முர்?"

அவள் அலறிவிட்டாள். கஸிரான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான்தான். அக்கரையில இருக்கேன், யூ பொனிரா கடைக்கு மேல," என்றான் சர்பான். மூச்சு இரைத்தது. "நடு ஆத்துல வண்டி கல்லுல மாட்டிக்கிச்சு. தள்ளிக்கிட்டிருந்தேன். இந்தக் கிழவி கெந்தொங்கான் அடிக்கிறா, எங்கயோ தீப்புடிச்சிருக்குன்னு நெனச்சேன். அப்புறம் மணல்காரனுங்க என்னை இழுத்துக்கிட்டு ஓடினானுங்க. எல்லாரும் ஏறியாச்சு. கடை போச்சு. லாரி ஒண்ணு போச்சு." கொஞ்சம் நிறுத்தினான். சிரிக்க முயன்றான். "பேட்டரித் திருடனைப் புடிக்கப் போனா, ஆறு என் வண்டியைத் திருடிடுச்சு முர். மேல் பெட்டியில இன்னும் திருடன் உக்காந்திருப்பான்."

வாக்கிடாக்கி கோட்டுக்குள் இருந்ததால் அவள் சொன்னது எதையும் அவன் கேட்டிருக்கவில்லை. அவனுக்குத் தெரியாது. யாரும் இன்னும் சொல்லவில்லை.

கஸிரான் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதை அவள் கவனித்தும் கவனிக்காததுபோலப் பொத்தானை அழுத்தினாள்.

"திருடன் யாரும் இல்ல மாஸ். பேட்டரி அங்கயேதான் இருந்துச்சு. லஹார்தான். காலையில நான் மாத்தின நிறத்துல அது எனக்குத் தெரியல. சும்மா உங்களை அனுப்பிட்டேன்."

அவள் பொத்தானை விட்டாள்.

"நான் நடு ஆத்துல நின்னேன் முர்," என்றான் கடைசியில். கோபமா அழுகையா என்று சொல்ல முடியாத குரல்.

"தெரியும் மாஸ்."

"இடுப்பு வரைக்கும் கல்லுக்கு நடுவுல நின்னேன்."

"தெரியும்."

யாரோ பின்னால் லாரியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஆட்கள் ஏறினார்கள், யாரோ யாரையோ திட்டினார்கள். பிறகு சர்பான் மறுபடி பேசினான். இப்போது அவன் குரல் வேலை நேரத்துக் குரல்.

"மிச்ச லாரியில எல்லாரையும் ஏத்திக்கிட்டுக் கீழ்ப் பாலத்துக்கு வந்துட்டோம்னா இக்கரைக்கு வந்துடலாம். யூ பொனிராவுக்குக் கால்ல அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். பாலம் நிக்குதாம். ஆனா இன்னொரு லஹார் வந்தா நிக்குமான்னு தெரியல. பதினொரு பேரு இருக்கோம். டிரைவர் கேக்குறான், தாண்டலாமான்னு." அவன் மூச்சு விடுவது கேட்டது. "நீ பாத்துச் சொல்லு முர். நீ சொன்னா வர்றோம்."

கஸிரான் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்படவில்லை.

முர்வானி திரையைப் பார்த்தாள். மேல் வரிசையின் கறுப்பு முடிந்து நீலமாகி எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. நடு வரிசை நீலம். கீழ் வரிசை இப்போதுதான் கறுப்பிலிருந்து மெலிந்து நீலத்துக்கு வந்துகொண்டிருந்தது. எழுந்து இடது பக்கமாகச் சென்று பார்த்தாள். வலது பக்கமாகச் சென்று பார்த்தாள். நிற அமைப்பைத் திறந்து, எது எந்த நிறம் என்று ஒருமுறை விரல் வைத்துப் படித்தாள். மறுபடி மேல் வரிசையைப் பார்த்தாள். நீலம். மேலே என்ன மழை பெய்கிறது என்று சொல்ல அவளிடம் மழைமானி இல்லை. மேகத்துக்குள் எதுவும் தெரியாது. இந்த மெல்லிய நீலக் கோடு மட்டும்தான் இருந்தது.

"முர்? டிரைவர் அவசரப்படுத்துறான்."

பொத்தானை அழுத்தினாள்.

"வாங்க மாஸ்," என்றாள்.

லாரி உறுமிக் கிளம்புவது கேட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் முழுசாக வந்தது.